சின்ன ஐயா கொடுத்த வாக்கு

என் கணவர் பெயரைப் போட்டு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இணையத்தில் ஊழியம் செய்கிற பாஸ்டருக்குப் பத்திரிகைகள் வரத்தான் செய்யும். ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனால் இந்தப் பத்திரிகையில் அவர் பெயர் உள்ளே அச்சாகியிருந்தது. 'மணமகள் இல்லத்தில் ஆசி ஜெபம்: பாஸ்டர் சாலமோன் வேதமுத்து, ஊற்றோரம் இணைய ஊழியம், பாளையங்கோட்டை' என்று, மாப்பிள்ளை பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஊழியத்தில் தேதி குறிப்பது என் வேலை. அவர் எந்த ஊரில் எப்போது பேச வேண்டும், எந்த நாளில் ஒளிப்பதிவு என்று எல்லாம் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் அறியாமல் இவர் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

"அத்தான், ஆசீர்புரத்துச் சுகிர்தா யாரு?" என்று கேட்டேன்.

"எந்தச் சுகிர்தா?" என்றார்.

மனைவியிடம் இப்படிப் பதில் சொல்லும் கணவர்களைப் பொதுவாக நம்பக் கூடாது. என் கணவர் விஷயம் வேறு. ஒரு பொய் சொல்லிவிட்டு அதைச் சாயங்காலம் வரை ஞாபகம் வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. ஆகவே ஜெனோவாவைக் கூப்பிட்டேன். எங்கள் கார் நிறுத்துமிடத்தைத்தான் ஸ்டூடியோவாக மாற்றியிருக்கிறோம். அதில் இருக்கிற கணினிகளுக்கெல்லாம் ஜெனோவாதான் பொறுப்பு. பத்திரிகையைப் பார்த்ததும் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இது பெரிய ஐயா குடுத்த வாக்கு இல்லம்மா. சின்ன ஐயா குடுத்தது."

சின்ன ஐயாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போது எல்லோர் போனிலும் பதிலாள் என்று ஒரு பேசும் இயந்திரம் இருக்கிறது. என் போனிலும் இருக்கிறது. கடன் வேண்டுமா என்று கேட்டு வருகிற அழைப்புகளை அதுவே எடுத்து, என் குரலிலேயே, என்னைவிட நன்றாகச் சண்டை போடும். அதே சங்கதிதான் கொஞ்சம் பெரிய அளவில் எங்கள் ஊழியத்திலும். ஜெப விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து, இவர் தொண்டை கட்டிப்போய், டாக்டர் பேசக் கூடாது என்று எழுதிக் கொடுத்தபோதுதான் கமிட்டி கூடி இதை ஏற்பாடு செய்தது. யார் விண்ணப்பம் அனுப்பினாலும் இவர் குரலில், இவர் பாணியில், அவர்களுடைய பெயரைச் சொல்லி ஜெபம் போகும். அவர்கள் பேசினால் பதிலும் பேசும். எங்கள் ஆப்பின் அடியில் 'குரல் உதவியுடன்' என்று சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை வாசித்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குக் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆபீசில் அதற்குச் சின்ன ஐயா என்று பெயர் வைத்தது ஜெனோவாதான். அன்றிலிருந்து என் கணவர் பெரிய ஐயா ஆனார். வயதாகிவிட்டதைப்போல இருக்கிறது என்று முதலில் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

ஜெனோவா தேடித் தேடி எடுத்துப் பார்த்ததில், சின்ன ஐயா நாற்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு நேரில் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணம், வீடு பிரதிஷ்டை, குழந்தைக்குப் பெயர் வைப்பது. சங்கரன்கோவிலில் ஒரு பேக்கரி திறப்பு விழா கூட இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் எல்லாம் ஈஸ்டருக்குப் பிறகு ஒட்டுமொத்தமாக வந்து விழுந்திருந்தன. ஒரே நாளில் நாகர்கோவிலிலும் ராஜபாளையத்திலும் இருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு.

அன்றைக்கே கமிட்டியைக் கூட்டினோம். எங்கள் கமிட்டியில் எது நடந்தாலும் கடைசியில் வக்கீல் அண்ணாச்சி சொல்வதுதான் தீர்மானம். தேவசகாயம் என்ற அவருடைய பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் திரையில் தோன்றும்போதே கையில் ஓர் அறிக்கையோடு தோன்றினார். இயந்திரக் கோளாறால் ஏற்பட்ட வாக்குறுதிகளுக்கு ஊழியம் எந்த விதத்திலும் பொறுப்பல்ல என்று அதில் இருந்தது. ஆப்பில் போட்டுவிட்டால் முடிந்தது, பொடி எழுத்து வரி வேறு நமக்குச் சாதகம், கோர்ட்டுக்குப் போனாலும் நிற்கும் என்றார்.

என் கணவர், முதலில் அது என்ன பேசியது என்று கேட்க வேண்டும் என்றார். ஜெனோவா சுகிர்தாவின் விண்ணப்பத்தை ஓடவிட்டாள்.

சுகிர்தா முப்பந்தலில் காற்றாலை இன்ஜினியர். உவரிக்காரர் ரெக்ஸ் என்பவரைக் கல்யாணம் செய்ய ஆசை. பையன் கத்தோலிக்கர், கடல் தொழில் செய்கிற குடும்பம். கோயிலும் வேறு, குலமும் வேறு. தாய் இல்லாத பெண்ணை வளர்த்த தகப்பனார் எபனேசர் வாத்தியார், இதைக் கேட்ட நாளிலிருந்து இரண்டு வருஷமாக மகளோடு பேசவில்லை. ஐயா நீங்கள் ஒரு வார்த்தை அப்பாவிடம் பேசினால் போதும் என்று அவள் அழுதிருந்தாள். சின்ன ஐயா வாத்தியாரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். முக்கால்வாசி வழக்கை அன்பாகவும் கால்வாசியை வம்பாகவும் அவர் வாதாடியதில், கடைசியில் வாத்தியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பாஸ்டர் நேரில் என் வீட்டுக்கு வந்து, பிள்ளை தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினால் சம்மதம்.

"வாரேன் சார்," என்றது என் கணவரின் குரல். "மழையோ வெயிலோ, வாரேன். உங்க வீட்டுக் காப்பியக் குடிச்சிட்டுத்தான் பிள்ளைய அனுப்புவேன்."

இவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது நாந்தான்," என்றார். "ஆனா இப்ப உள்ள நான் இல்ல."

ஜெனோவா விளக்கினாள். சின்ன ஐயாவுக்குக் கற்றுக்கொடுக்க ஆட்களோடு நீளமாகப் பேசிய பேச்சுகள் தேவைப்பட்டன. அண்மை வருஷங்களில் இவர் தனி ஆள் யாரோடும் அரை நிமிஷத்துக்கு மேல் பேசியதில்லை. அதனால் ஊழியம் ஆரம்பித்த முதல் சில வருஷங்களின் ரெக்கார்டிங்கைத்தான் அவள் போட்டிருந்தாள். அப்போது எங்களோடு சேர்ந்தவர்கள் ஒரு பஸ்ஸில் அடங்குவார்கள். யார் கூப்பிட்டாலும் இவர் வாரேன் என்பார். சொன்னபடி போகவும் செய்வார். பழைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மடியில் கேக் டப்பாவை நசுங்காமல் பிடித்துக்கொண்டு நானும் போயிருக்கிறேன்.

"அது தப்பா ஒண்ணும் சொல்லல ஐயா," என்றாள் ஜெனோவா. "நீங்க சொல்லாததையும் சொல்லல."

வக்கீல் அண்ணாச்சி, இதெல்லாம் உருக்கமான பேச்சு, சட்டப்படி வாக்குக் கொடுத்தது ஆள் அல்ல என்று மறுபடி ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி," என்றார் இவர், "எம்பேரு வேணும், எங்குரலு வேணும், அதக் கேட்டு ஆப்புக்கு ஆள் வரணும். அது குடுத்த வாக்கு மட்டும் நமக்கு வேண்டாமா?"

அண்ணாச்சி அறிக்கையை மடித்தார். அவரை இத்தனை வருஷத்தில் பேச்சில் மடக்கியவர் என் கணவர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அன்றே இரண்டு தீர்மானம் போட்டோம். இனி சின்ன ஐயா வாய் திறந்ததும் முதல் வேலையாகத் தான் இயந்திரம் என்று சொல்ல வேண்டும். பொடி எழுத்தில் அல்ல, குரலிலேயே. அடுத்தது, வருகிறேன் போகிறேன் என்கிற வார்த்தை எதுவும் என்னைக் கேட்காமல் வெளியே போகக் கூடாது. ஏற்கெனவே வாக்குப் பெற்றவர்களை இவரே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, அப்புறமும் நான் வர வேண்டுமா என்று கேட்பதாக முடிவாயிற்று.

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. பாதிப் பேர் இவர் பேசியதை நம்பவில்லை. நீங்கதான் மெஷின் போல இருக்கிறது, குரல் கட்டையாக இருக்கிறது என்றாள் ஒரு அம்மாள். சங்கரன்கோவில் பேக்கரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வந்தால் உங்களுக்கு ஒரு கேக், வராவிட்டாலும் பார்சல் என்றார். சிலருக்குக் கோபம் வந்தது. என் பாரத்தையெல்லாம் ஒரு மெஷினிடமா இறக்கி வைத்தேன் என்று ஒருவர் கேட்டார். இவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்ல மத்தியானம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். சோறு ஆறிப் போனது. விளாத்திகுளத்துப் பெரியவர் ஒருவர் மட்டும், "உங்களுக்கு என்னத்துக்கு அலைச்சல் ஐயா, அந்தத் தம்பியவே அனுப்பி வைங்க, நல்லா ஜெபிக்கான்" என்றுவிட்டார். இவர் முகம் போன போக்கைப் பார்த்து நானும் ஜெனோவாவும் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தோம்.

சுகிர்தாவைக் கூப்பிட்டபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. இவர் சொல்லும்போது அந்தப் பக்கம் காற்றாலை சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வருவியளா ஐயா?" என்று கேட்டாள்.

"கண்டிப்பா வாரேம்மா. ஆனா அதுக்கு முந்தி அப்பாவப் பாத்து உள்ளதச் சொல்லணும்."

"வேண்டாம் ஐயா. வந்து ஜெபம் மட்டும் பண்ணுங்க. அப்பாட்ட இதச் சொல்லிராதிய. சொன்னா எல்லாம் கலஞ்சிரும்."

இவர், அவள் அப்பாவிடமிருந்து ஒளித்து வைத்த ஒரு காரியத்தின் மேல் நின்று கொண்டு கை வைத்து ஜெபிக்கத் தன்னால் ஆகாது என்று மெதுவாகச் சொன்னார். அவள் அழவில்லை. சரி ஐயா என்று வைத்துவிட்டாள். அது எனக்கு அழுததைவிட மோசமாக இருந்தது.

ஆசீர்புரம் போகிற வழியெல்லாம் நான் இவரோடு சண்டை போட்டேன். உண்மை எங்கே ஓடிப் போகிறது, கல்யாணம் முடிந்த மறுநாள் சொன்னால் என்ன கெட்டுவிடும், உங்கள் மனசாட்சியைக் கழுவுவதற்கு அந்தப் பெண்ணின் கல்யாணம்தான் தண்ணீரா என்று கேட்டேன். கடைசியாகக் கேட்டது இவருக்குச் சுட்டது. கார் சாத்தான்குளம் தாண்டும்போது என் பக்கம் திரும்பினார்.

"அந்த மனுசன் என்னைய நம்பி எறங்கி வந்திருக்காரு ஹெப்சி," என்றார். "அவர ஏமாத்தி ஜெயிச்சா, அது ஜெபம் இல்ல, தந்திரம். கோவப்பட்டா காலப் பிடிச்சுக் கெஞ்சுவேன். ஆனா சொல்லாம இருக்க முடியாது."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இவர் சரி என்று தெரிந்ததால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

வாத்தியார் வீட்டு முற்றத்தில் பந்தல் கம்புகள் வந்து இறங்கியிருந்தன. கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாள். எபனேசர் வாத்தியார் வெள்ளை வேட்டியும், ஹெட்மாஸ்டராக இருந்தபோது பழகிய விறைப்புமாக நின்று எங்களை வரவேற்றார். வாங்க ஐயா என்றவர் அதற்கு மேல் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் துடைத்தார். மின்விசிறியைப் போட்டார். அது சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்த சுகிர்தா எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் அவள் பின்னாலேயே போனேன். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு திரைதான். பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்டது.

இவர் சுற்றி வளைக்கவில்லை. உங்களோடு போனில் பேசியது நான் அல்ல, என் குரலில் பேசுகிற இயந்திரம், நீங்கள் போட்ட நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டதும் அதுதான், எனக்குப் பத்திரிகை வந்த பிறகுதான் தெரியும் என்றார். "ஆனா அது என் பேர்ல குடுத்த வாக்கு. அதனால என் வாக்குதான். நிறைவேத்த வந்திருக்கேன். நீங்க மனசு மாறினா அந்தப் பழியும் என்மேலதான், பிள்ளைமேல இல்ல."

சுகிர்தா பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். நான் அவள் தோளைத் தொட்டேன். மரம் மாதிரி இருந்தது.

வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"நீங்க சொல்லிட்டிய ஐயா. நான் மட்டும் சொல்லாம இருந்தா நல்லா இருக்காது. அந்தக் கண்டிசன நானும் போடல."

"என்ன சார் சொல்லுதிய?"

"எம் போன்ல பதிலாள் இருக்குல்லா. பேங்க்காரன்ட்ட பேசதுக்கு வச்சது. அது மக கல்யாணத்தையே பேசி முடிச்சிட்டு."

ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பும் கலக்கமும் சேர்ந்து வந்தன. ஒரு பக்கம் எங்கள் சின்ன ஐயா. மறுபக்கம் வாத்தியாருடைய பதிலாள். முக்கால்வாசி அன்பும் கால்வாசி வம்புமாக நடந்த அந்தச் சம்பந்தப் பேச்சில் மனுஷன் ஒருவன்கூட இருக்கவில்லை. இரண்டு பேரும் இல்லாத இடத்தில் அவர்களுடைய குரல்கள் உட்கார்ந்து வெற்றிலைத் தட்டு மாற்றாத குறையாகக் காரியத்தை முடித்திருக்கின்றன.

ஏன் அப்போதே மறுக்கவில்லை என்று இவர் கேட்டார்.

"அது பிள்ளைக்குச் சம்மதம்னு சேதி அனுப்பிட்டு ஐயா. மறுநாள் காலைல அவ வந்துட்டா. ரெண்டு வருசம் கழிச்சு வாரா. செருப்பக்கூடக் கழத்தாம வந்து கெட்டிப் பிடிச்சா. அவகிட்ட, அது நானில்ல மெஷின்னு எப்படிச் சொல்ல?" அதற்குள் ஹெட்மாஸ்டர் குரல் போயிருந்தது. "பொறவு அது பேசினத நானும் கேட்டேன். அவள மக்கான்னு கூப்பிடுது. அவ ஹாஸ்டல்ல இருக்கையில நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அந்தப் பழைய பேச்சயெல்லாம் எப்படியோ படிச்சிருக்கு. கேட்டா, அந்த ஆளு நல்லவனாத்தான் இருந்திருக்கான். எனக்கு வெக்கமாப் போச்சு. நீங்க வராமப் போனா நல்லதுன்னு ஒரு நாள் நினைப்பேன். வராமப் போயிட்டா என்ன செய்யன்னு மறுநா பயப்படுவேன்."

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான் சார்," என்றார் என் கணவர். வாத்தியார் சிரித்தார். சிரித்துப் பழக்கமில்லாத மனிதரின் சிரிப்பு. இருமல் மாதிரி இருந்தது.

பிறகு இவர் ஒன்று சொன்னார். நான் வந்துவிட்டேன், என் பாகம் தீர்ந்தது. உங்கள் சம்மதம் இன்னும் உங்கள் வாயால் வரவில்லை. அதை என்னிடம் சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டியவளிடம் சொல்லுங்கள் என்றார்.

இந்தப் பெண் எதை நம்பி வந்து கட்டிப்பிடித்தாளோ, அது அவள் அப்பா சொன்னதே அல்ல என்று இப்போதுதானே அவளுக்குத் தெரிகிறது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அவள் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

"எனக்குத் தெரியும் அம்மா," என்றாள் மெல்ல. "அப்பா போன்ல அத வச்சுக் குடுத்ததே நாந்தான். சண்டைக்கு முந்தி. ஹாஸ்டல்ல இருக்கையில அப்பா எனக்கு அனுப்பின பேச்சத்தான் அதுக்குப் போட்டேன். வேற பேச்சு எங்கிட்ட இல்ல."

"பொறவு என்னத்துக்குட்டி அப்படி ஓடி வந்தே?"

"அது நான் சொல்லலன்னு அப்பா சொல்லுதாவளான்னு பாக்க வந்தேன். சொல்லல. எனக்கு அது போதும்னு இருந்தேன். பாஸ்டர் ஐயா உள்ளதச் சொன்னா அப்பாவும் அது நானில்லன்னு சொல்லிருவாவன்னுதான் பயந்தேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். வழியெல்லாம் கணவரோடு போட்ட சண்டைக்கு மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்கவில்லை, அவருக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. திரைக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் வந்து நின்றது. உள்ளே வரவும் முடியாமல் திரும்பிப் போகவும் முடியாமல் அவர் நிற்பது திரைக்கு அடியில் கால் விரல்களில் தெரிந்தது.

"மக்கா," என்றார். கரகரத்த குரல். போனில் இருந்தது போல அத்தனை தெளிவாக இல்லை. "மக்கா, ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. சுகிர்தா அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் போய் அணைத்தேன்.